நினைவுத்தூணில் படைவீரர்களின் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூரில் எங்கள் பகுதிப் பூங்காவில் முன்னாள் படைவீரர்களுக்காக ஒரு நினைவுத்தூண் எழுப்பப் போகிறார்கள். மூலையில் இடம் பார்த்தாகிவிட்டது, மேஸ்திரி வந்து அளவெடுத்துக்கொண்டும் போய்விட்டார். வரைபடத்தைக் குடியிருப்போர் சங்கத்தார் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். தலைகீழாக நிறுத்திய துப்பாக்கி, அதன் மேல் இரும்புத் தொப்பி, பின்னால் மூவர்ணம், சுற்றிலும் எவர்சில்வர் கைப்பிடி, ராத்திரியில் எரிய ஃபோகஸ் லைட். அதிலெல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடியில் இரண்டு கல்வெட்டு. முதல் கல்லில், தாய்நாட்டைக் காத்த நம் பகுதி வீரர்களின் நினைவாக என்று ஒரே ஒரு வரி. இரண்டாவது கல்லில் திறந்து வைப்பவர், தலைமை, முன்னிலை, வரவேற்பு, நன்கொடையாளர்கள் என்று பொடி எழுத்தில் கல் நிறையப் பெயர்கள். நன்கொடையாளர் வரிசையில் என் பெயரும் இருக்கிறது. பட்டாளத்தில் இருந்து செத்தவன் பெயர் ஒன்றுகூட இல்லை.

சங்கக் கூட்டத்தில் எழுந்து இதைக் கேட்டேன். "எல்லார் பேரையும் எப்படி சார் போடறது? ஒருத்தரை விட்டுட்டா சண்டை வரும்" என்றார்கள். மினிட்ஸில் எழுதிக்கொண்டார்கள், டீ கொடுத்தார்கள், கூட்டம் முடிந்தது. இது எங்கள் பூங்காவோடு முடிகிற விஷயம் இல்லை என்பதால் தங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன். பழைய வட ஆற்காட்டில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. கணியம்பாடி பக்கத்தில் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. நாளைக்கு இன்னும் பல ஊரில் இதே மாதிரித் தூண் வரும், இதே மாதிரி இரண்டு கல்லும் வரும்.

நான் மெட்ராஸ் சாப்பர்ஸில் சுபேதாராக இருந்து பென்ஷனில் வந்தவன். எங்கள் குரூப்பில் ஜவானைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள், பஞ்சாபிலிருந்து வந்த அதிகாரியும்கூட. பாலம் போடுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது எங்கள் வேலை. தம்பிகளின் பெயரை வாசித்து ஃபாலின் எடுத்தே வயதைக் கழித்தவனுக்கு, பெயர் இல்லாத தூணைப் பார்த்தால் உறுத்தத்தான் செய்யும்.

இதே ஊரில் இந்தத் தப்பு ஏற்கெனவே நடந்திருக்கிறது. லாங்கு பஜார் மணிக்கூண்டை வேலூர்க்காரர் எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு கல் பதித்திருக்கிறது. 1914-ல் தொடங்கிய முதல் உலகப் போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்கிறது. வேலூரைக் கிராமம் என்று எழுதியதைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். போர் முடிந்த பிறகு வெள்ளைக்காரன் நாடு முழுக்க ஊர் ஊராக இந்த மாதிரிக் கல்லை நட்டான். பஞ்சாபிலும் இதே வாசகம், கட்வால் மலையிலும் இதே வாசகம். ஊர்ப் பெயரும் இரண்டு எண்ணிக்கையும்தான் மாறும். பாரம் ஒன்றை அச்சடித்து, கோடிட்ட இடத்தை மட்டும் நிரப்பின மாதிரி.

நூறு வருடமாக அந்தக் கல்லுக்குக் கீழே காய்கறி மூட்டை இறங்குகிறது, ஆட்டோ நிற்கிறது, ஆடித் தள்ளுபடிக்குக் கூட்டம் நெரிகிறது. அது தப்பில்லை. கடைத்தெரு நடுவில் வைத்தால் கடைத்தெரு மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்தப் 14 பேரில் ஒருவர் பெயரையாவது சொல்லக்கூடிய ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. எந்தத் தெரு, எந்தக் குடும்பம், எங்கே செத்தார்கள், மெசபடோமியாவிலா, கிழக்கு ஆப்பிரிக்காவிலா, பிரான்ஸிலா? உயிரோடு திரும்பி வந்த மிச்சம் 263 பேரின் கதையும் இதுதான். அவர்களுடைய பேரப்பிள்ளைகளே அந்தக் கல்லைத் தாண்டிப் போய் வெங்காயம் வாங்கிக்கொண்டிருக்கலாம், தெரியாமல்.

பெயர் போனதற்குக் காரணம் உண்டு. அன்றைய மெட்ராஸ் காலாட்படையை வெள்ளைக்காரன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, 1920-களின் கடைசிக்குள் கலைத்தே விட்டான். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா என்ற துறைமுகத்தில் 63-ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியை இறக்கி, ஜெர்மன்காரன் மெஷின் கன்னுக்கு நேராக நடக்க விட்டார்கள். படை சிதறியது. சிதறிய படை என்று எழுதி வைத்த சரித்திரம், அங்கே விழுந்தவன் யார் என்று எழுதி வைக்கச் சிரமப்படவில்லை. பிறகு இரண்டாம் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டபோது 1941-ல் மெட்ராஸ் ரெஜிமெண்டை மறுபடியும் எழுப்பினார்கள். நடுவில் விட்டுப்போன காலத்தில் கலைந்த பட்டாலியன்களுக்கு வாரிசு இல்லை. பழைய படத்தை மெஸ் சுவரில் மாட்டி வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. எங்கள் சாப்பர்ஸ் கலையவில்லை, அதனால் எங்கள் பழைய கணக்கு ஓரளவு பெங்களூரில் கிடைக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், செத்து கல்லறை தெரியாமல் போனவர்களுக்காக பாஸ்ராவில் பிரிட்டிஷார் ஒரு பெரிய நினைவுமண்டபம் கட்டி 1929-ல் திறந்தார்கள். நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கானது அது. வெள்ளைச் சிப்பாய்க்குக் கல்லில் பெயர். வெள்ளை அதிகாரிக்கும் இந்திய அதிகாரிக்கும் பெயர். சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு மட்டும் ரெஜிமெண்ட் பெயரைப் போட்டு, பக்கத்தில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை. லாங்கு பஜார் கல்லும் பாஸ்ரா மண்டபமும் ஒரே புத்தியில் உதித்தவை. கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-ல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டு, ஆசிய, ஆப்பிரிக்கச் சிப்பாய்களைச் சமமாக நடத்தவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. இவ்வளவுக்கும் அந்த ஆணையத்தின் ஆதிக் கொள்கை பதவி, மதம், இனம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே அளவுக் கல் என்பதுதான். சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் அந்தக் கொள்கையைக் கண்ணால் பார்க்கலாம். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே உயரக் கல், வெட்டிவிட்ட புல், மழை வந்தாலும் எழுத்து தெரிகிறது.

வெள்ளைக்காரன் செய்தான், சரி. சுதந்திரம் வாங்கி இத்தனை காலத்துக்குப் பிறகு நம் சங்கம் ஏன் அதையே செய்ய வேண்டும்? டெல்லியில் 2019 பிப்ரவரி 25-ல் திறந்த தேசியப் போர் நினைவுச்சின்னத்தில் 25,942 பேரை எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கருங்கல், அதில் பெயர், பதவி, ரெஜிமெண்ட். வட்ட வட்டமாகச் சுவர் வைத்து அடுக்கியிருக்கிறார்கள். இருபத்தையாயிரம் பேரை ஒரு நாடு எழுத முடிந்தால், ஒரு பகுதி தன் சொந்த ஆட்களை எழுத முடியாதா?

பெயரைத் தேடுவது கஷ்டம் என்கிறார்கள். கஷ்டம்தான், ஆனால் முடியாத கஷ்டம் இல்லை. போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இறந்தவர்களின் பதிவேடு இருக்கிறது. பாஸ்ராவில் கல்லில் ஏறாத பெயர்களும் அந்தப் பதிவேட்டில் உண்டு. பலருக்கு அப்பா பெயர், ஊர், தாலுகா, ஜில்லா வரைக்கும் எழுதியிருக்கிறது. அன்றைக்கு வேலூர் வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது, எனவே ஊரையும் ஜில்லாவையும் சேர்த்துத் தேட வேண்டும். எழுத்துக்கூட்டல் கண்டபடி இருக்கும். கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் ஒரு விடுமுறை உட்கார்ந்தால் அந்தப் 14-ல் பாதிப் பேரையாவது பிடித்துவிடலாம் என்பது என் கணக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு போனவர்களைப் பற்றிய விவரம் நீலகிரி வெலிங்டனிலும் பெங்களூரிலும் உள்ள பட்டாள ரிக்கார்ட் ஆபீஸ்களிலும், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் இருக்கிறது. ராணுவக் கேன்டீன் வரிசையில் நிற்கிற பெரியவர்களைக் கேட்டாலே பாதி வேலை முடிந்தது. தெருவில் யார் வீட்டு ஆள் எந்த வருடம் எங்கே போனான் என்று அவர்கள் மடமடவென்று சொல்வார்கள்.

யாரை எழுதுவது என்பதில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

அன்றைய கூட்டத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து என்னிடம் கேட்டார்: "அண்ணா, எங்க வூட்டுக்காரர் பேரு வருமா, வராதா?" மஞ்சள் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டினார். மடித்த இடமெல்லாம் கிழிந்து, செலோ டேப் போட்டு ஒட்டி, அந்த டேப்பும் பழுத்துப் போன காகிதம். கணவர் டிரைவராக இருந்தவர். மலைப்பாதையில் பனி சறுக்கி, வண்டியோடு பள்ளத்தில் போய்விட்டார். பட்டாளத்துப் பாஷையில் இது பேட்டில் கேஷுவல்ட்டி இல்லை, பிசிகல் கேஷுவல்ட்டி. எதிரி சுட்டுச் செத்தால் ஒன்று, கடமையில் இருக்கும்போது விபத்திலோ நோயிலோ செத்தால் மற்றொன்று. குடும்பத்துக்கு வரும் பென்ஷனிலும் வித்தியாசம் உண்டு, முந்தையதற்கு அதிகம். சர்க்காருக்கு அந்தக் கணக்கு வேண்டியிருக்கலாம். ஆனால் ஊரில் நடும் கல்லுக்கு அது எதற்கு? இரண்டு வீட்டுக்கும் வந்தது மூவர்ணம் போர்த்திய ஒரே பெட்டிதான். முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் செத்தவர்களில் பெரும் பங்கு காலராவிலும் வயிற்றுக்கடுப்பிலும் காய்ச்சலிலும் போனவர்கள். வேலூரின் 14 பேரிலும் அப்படி இருந்திருப்பார்கள், மணிக்கூண்டுக் கல் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அதைப் பாராட்டுகிறேன்.

அந்த அம்மாவின் காகிதத்தில் கணவர் பெயரே தப்பாக இருந்தது. பட்டாளத்தில் சேர்ந்தவர்களுக்கு இது பழகிப்போன கூத்து. தமிழ்ப் பெயரை வடக்கத்தி கிளார்க் காதில் விழுந்தபடி எழுதிவிடுவார், பிறகு சாகும்வரை அதுதான் பெயர். ஏழுமலை எலுமலாய் ஆவார், அப்பா பெயர் முன்னால் வந்து மகன் பெயர் பின்னால் ஒளிந்துகொள்ளும். எனவே ரிக்கார்டில் உள்ளதை அப்படியே கல்லில் ஏற்ற வேண்டாம். வீட்டில் கேட்டு, வீட்டில் கூப்பிட்ட பெயரைத் தமிழில் வெட்டுங்கள்.

சமையல்காரர், நாவிதர், தண்ணீர் சுமந்தவர், கோவேறு கழுதை ஓட்டியவர் என்று பட்டாளத்தோடு போனவர்களையும் விடக்கூடாது. துப்பாக்கி தூக்காதவன் படைவீரனா என்று ஒருவர் கூட்டத்தில் கேட்டார். ஷெல் விழும்போது அது கத்திரிக்காய் நறுக்குகிறவனா, காவல் நிற்கிறவனா என்று பார்த்து விழுவதில்லை.

வெள்ளைக்கார ராஜாவுக்காகச் சண்டை போட்டவனை நாம் ஏன் நினைக்க வேண்டும் என்று ஒரு இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி, இந்த ஊரில் கேட்க வேண்டிய கேள்வி. 1806 ஜூலை 10-ல் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்த ஊர் இது. அதற்கு மக்கான் சந்திப்பில் தூண் இருக்கிறது, வருடாவருடம் மாலை போடுகிறோம். அன்றைக்குச் செத்த கர்னல் ஃபேன்கோர்ட்டின் பெயர் புத்தகத்துக்குப் புத்தகம் இருக்கிறது. கோட்டைக்குள் கொல்லப்பட்ட நூற்றுக்கணக்கான சிப்பாய்களில் எத்தனை பேரின் பெயரை நம்மால் சொல்ல முடியும்? கம்பெனிக்குச் சிப்பாயாகச் சேர்ந்தவன்தான் கம்பெனியை எதிர்த்தும் எழுந்தான். 1914-ல் கப்பலேறியவன் கூலிக்காகப் போயிருப்பான், பஞ்சத்துக்குப் பயந்து போயிருப்பான், ஊரில் கும்பிடு போட்டு நிற்கப் பிடிக்காமல் போயிருப்பான். ராஜாவுக்காகவா போனான் என்று அவனைக் கேட்க முடியாது. நம் ஊர்ப் பிள்ளை என்பது மட்டும் நிச்சயம். இரண்டாம் உலகப் போரில் காஞ்சிபுரம் பக்கத்துக்காரர் ஒருவர், எங்கள் சாப்பர்ஸின் சுபேதார் சுப்ரமணியன், 1944 பிப்ரவரி 24-ல் இத்தாலியில் மிக்னானோ அருகே கண்ணிவெடி எடுத்துக்கொண்டிருந்தார். கூட வந்தவர் வெடியை மிதித்துவிட்டார். வெடிக்க இருந்த ஓரிரு நொடியில் சுப்ரமணியன் அதன் மேலேயே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றினார். இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் கொடுத்தார்கள். அவர் காப்பாற்றியது ராஜாவையா?

இலங்கைக்குப் போனவர்கள் விஷயம் இதைவிடக் கஷ்டம். 1987-லிருந்து 1990 வரை அமைதிப்படையாகப் போய், ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. நானும் அங்கே இருந்தேன். வவுனியா ரோட்டில் ஓரத்துப் புல்லில் வயர் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தபடி நடப்போம், எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகள் தமிழில் பேசிக்கொண்டு வருவார்கள். அந்த மூன்று வருடத்தில் ஈழத்துச் சொந்தங்கள் பட்ட பாட்டை நான் மூடி மறைத்துப் பேச மாட்டேன், பேசவும் முடியாது. அதற்காக, அங்கே செத்த தம்பியின் பெயரைச் சொந்த ஊரில் சொல்லவே கூடாது என்றால் அது என்ன நியாயம்? கொழும்பை அடுத்த கோட்டேயில் அவர்கள் பெயரைக் கருங்கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், டெல்லியிலும் வெட்டியாகிவிட்டது. அந்தப் போர் சரியா தப்பா என்று நம் தூண் தீர்ப்பு எழுத வேண்டாம். பெயர், ஊர், வருடம் எழுதினால் போதும். சங்கத்தில் இதைச் சொன்னபோது ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய கோபமும் எனக்குப் புரிகிறது.

ஆகவே சங்கத்தாருக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். துப்பாக்கியும் தொப்பியும் வேண்டாம் என்றுகூடச் சொல்ல மாட்டேன், ஆனால் பணம் பற்றாது என்றால் முதலில் அவற்றை வெட்டுங்கள், பெயரை வெட்டாதீர்கள். வழவழப்பான மார்பிளில் ஸ்டிக்கர் எழுத்து ஒட்டினால் மூன்றாவது கோடையில் உதிரும். கருங்கல்லில் ஆழமாக வெட்டிய எழுத்து போதும், பெயிண்ட் போனாலும் விரலால் தடவிப் படிக்கலாம். பதவி வரிசை வேண்டாம், அகர வரிசையில் போடுங்கள். கர்னலும் சமையல் செய்த கான்ஸாமாவும் பக்கத்தில் பக்கத்தில் வரட்டும். பணியில் இறந்தவர்கள் ஒரு முகத்தில், பணி முடித்துத் திரும்பி வந்து இங்கே காலமானவர்கள் இன்னொரு முகத்தில். மூன்றாவது முகத்தைக் காலியாக விடுங்கள், இன்றைக்கும் இந்தத் தெருப் பிள்ளைகள் லடாக்கில் நிற்கிறார்கள். நன்கொடையாளர் கல்லைப் பின்பக்கம் முழங்கால் உயரத்தில் வைக்கலாம். என் பெயரை அதிலிருந்து எடுத்துவிடுங்கள், பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டேன்.

ஒருவரை விட்டுவிட்டால் சண்டை வரும் என்ற பயத்துக்கும் வழி இருக்கிறது. முதலில் பெயர்ப் பட்டியலைக் காகிதத்தில் அச்சடித்து ரேஷன் கடை, கேன்டீன், கோயில், மசூதி, சர்ச் வாசலில் மூன்று மாதம் ஒட்டி வையுங்கள். விட்டுப்போனவர் வீட்டார் வந்து சொல்வார்கள், சண்டையும் போடுவார்கள். கல்லில் ஏறுவதற்கு முன்னால் போடும் சண்டை நல்லதுதான். கொடி நாளான டிசம்பர் 7-க்குள் பட்டியல் முடிந்தால் அன்றைக்கே உளி வைக்கலாம்.

மணிக்கூண்டுக் கல்லை யாரும் தொட வேண்டாம், அது பழைய ஆவணம். அதன் அருகிலேயே சின்னதாக ஒரு தமிழ்ப் பலகை வைத்து, கண்டுபிடித்த பெயர்களை எழுதலாம். அதற்கு நகர நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், மனு எழுதிக் கொடுக்க நான் தயார்.

இதைப் படிக்கும் வேலூர்க்காரர் வீட்டுப் பரணிலோ பீரோ அடியிலோ தாத்தாவின் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பழைய மெடல், பென்ஷன் புத்தகம் எது கிடந்தாலும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட வேண்டாம். மெடலின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். முதல் உலகப் போர் மெடல்களில் சிப்பாயின் நம்பரும் பெயரும் ரெஜிமெண்டும் அந்த விளிம்பில்தான் பொடியாகப் பொறித்திருக்கும். போட்டோ எடுத்து உங்கள் பகுதி முன்னாள் படைவீரர் சங்கத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் சுபேதார், மெட்ராஸ் சாப்பர்ஸ்,
சத்துவாச்சாரி, வேலூர்.